‘போதும்’ விட்டுப்போன தாலாட்டு

ஒரு காட்டில் மதியத் தூக்கம் வராத சிங்கம் ஒன்று இருந்தது. வயிறு நிறைந்திருக்கும், நிழல் குளுமையாக இருக்கும், கண்ணும் சொருகும். ஆனால் காது அடங்காது. எங்கோ ஓர் இலை விழுந்தால் சதி என்று எழுந்து உட்காரும். எறும்புகள் வரிசையாகப் போனால் ஊர்வலமா, போராட்டமா என்று விசாரிக்கும். தூங்காத சிங்கத்துக்குப் பொழுது போவதில்லை. பொழுது போகாதபோது அது கொறிக்கும். பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களை.

எனவே தாலாட்டுக்கு ஏற்பாடு செய்தார்கள். முதலில் மைனா ஒரு பாட்டுக் கட்டியது, கரடி பாடியது. சிங்கம் தூங்கவில்லை. பாட்டு சரி, பாடியவர் தொண்டைதான் சரியில்லை என்றது மைனா. தொண்டை சரி, பாட்டுதான் பாட்டாக இல்லை என்றது கரடி. யார் சொல்வது உண்மை என்று தெரியாமல் சிங்கம் இருவரையும் தின்றது. தின்னும்போது அதற்கே கொஞ்சம் உறுத்தியது. நிரபராதி ஒருவரைத் தண்டித்துவிட்டோமோ என்று யோசித்தபடி எலும்பைக் கடித்தது.

அன்றே ஓர் உத்தரவு வந்தது. இனித் தாலாட்டு எதுவானாலும் இசைக்குறியீடாகத் தாளில் அச்சாக வேண்டும். தாளில் உள்ளபடிதான் பாட வேண்டும். அடியில் எழுதியவர் பெயர் இருக்க வேண்டும். தூக்கம் வராவிட்டால் யாரைத் தின்பது என்பதில் இனிக் குழப்பம் இராது. காடே இதை நிர்வாகச் சீர்திருத்தம் என்று பாராட்டியது. பாடகர்கள் சற்றுக் கூடுதலாகப் பாராட்டினார்கள்.

அடுத்த முறை செம்போத்துப் பறவை கோதண்டத்துக்கு வந்தது. குடத்துக்குள்ளிருந்து கூப்பிடுவது போன்ற அடிக்குரல் அதற்கு. மெதுவான பாட்டுகளை நன்றாகக் கட்டும். ஆனால் குறியீடெல்லாம் எழுதத் தெரியாது. தெரிந்தது மந்தி ரஞ்சிதத்துக்கு. ரஞ்சிதத்திடம் ஒரு லேப்டாப் இருந்தது. அருவி பார்க்க வந்த குடும்பம் ஒன்று சிப்ஸ் பாக்கெட்டைக் காப்பாற்றுவதில் மும்முரமாக இருந்தபோது கிடைத்தது. அதில் ஒரு மென்பொருள். சுரங்களை எழுத்தாகத் தட்டி, எப்படிப் பாட வேண்டும் என்பதைக் கட்டளைகளாக இடையில் சேர்த்தால், அழகான இசைத்தாளாக்கிக் கொடுத்துவிடும்.

“முதல்லயே சொல்லிடறேன் கோதண்டம்,” என்றது ரஞ்சிதம். “இது நீ நினைக்கிறதைச் செய்யாது. நீ எழுதினதைச் செய்யும்.”

“ராஜா மாதிரியாக்கா?”

“ராஜா ரெண்டையும் செய்யமாட்டார். இது பரவாயில்ல.”

ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் ஒரு சாய்ந்த கோடு போட வேண்டும். திறந்த பிராக்கெட்டை மூட வேண்டும். கோதண்டம் ஆரம்ப வரிகளிலேயே ஒன்றைத் திறந்து அப்படியே விட்டுவிட்டது. மென்பொருளோ கடைசி வரியில் பிழை என்றது. கோதண்டம் காலை முழுவதும் கடைசி வரியை முறைத்துக்கொண்டிருந்தது. அந்த வரி ஒரு பாவமும் அறியாதது. அதையே திரும்பத் திரும்ப அழித்து எழுதியது. கடைசியில் ரஞ்சிதம்தான் விளக்கியது. எங்கேயாவது மூடிவிடுவாய் என்று நம்பி அது கடைசிவரை காத்திருக்குமாம், பிறகுதான் கத்துமாம். தப்பு நடந்த இடம் வேறு, திட்டு விழும் இடம் வேறு. அரசவைக்குப் போய்வந்த பழக்கம் இருந்ததால் இது கோதண்டத்துக்கு உடனே புரிந்தது.

பாட்டின் இரண்டாவது அடியில் குரல் லேசாக எழும்பி இறங்க வேண்டும், தொட்டிலை ஒரு தள்ளு தள்ளிவிடுவது போல. அது இல்லாவிட்டால் தாலாட்டு வெறும் முனகல். அதற்கும் ரஞ்சிதம் வழி சொன்னது. எழும்ப வேண்டிய இடத்தில் ‘வலுக்கட்டும்’ என்று ஒரு கட்டளை, அடங்க வேண்டிய இடத்தில் ‘போதும்’ என்று ஒரு கட்டளை. கோதண்டம் முதலாவதைத் தட்டியது. அந்த நேரம் பார்த்துக் குகைப் பக்கமிருந்து ஓர் உறுமல் வந்தது. தலையை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு மீதிச் சுரங்களை அவசரமாக அடித்து முடித்தது. ராஜா தூங்கும்வரை திரும்பத் திரும்பப் பாடுக என்ற கட்டளையைச் சேர்த்தது. அடியில் தன் பெயரை எழுதியது. ‘போதும்’ விட்டுப்போனது.

இம்முறை மென்பொருள் பிழை என்று சொல்லவில்லை. மூலையில் மஞ்சள் எழுத்தில் ஒரு வரி மட்டும் வந்தது. எச்சரிக்கை: ‘வலுக்கட்டும்’ தொடங்கியது, முடியவில்லை.

“அக்கா, ஏதோ மஞ்சளா வருது.”

“சிவப்புன்னா பிழை, அச்சாகாது. மஞ்சள்னா எச்சரிக்கை. மனசு கஷ்டப்பட்டாலும் அச்சடிச்சுக் குடுத்துடும்.”

ரஞ்சிதம் அந்த எச்சரிக்கையை மூடியது. மஞ்சள் எழுத்தையெல்லாம் படித்துக்கொண்டிருந்தால் காட்டில் ஒரு வேலையும் நடக்காது என்பது அதன் அனுபவம்.

அச்சான தாளை முழுக்கப் படித்தது முள்ளம்பன்றி ஏகாம்பரம் மட்டும்தான். எதையும் முழுக்கப் படிக்கும் பழக்கத்தால் யாரும் அதன் பக்கத்தில் உட்காருவதில்லை. முள் இரண்டாவது காரணம். தாளில் இரண்டாவது அடியின் கீழே இரண்டு கோடுகள் ஒரே புள்ளியில் தொடங்கி விரிந்து, பக்கத்தின் ஓரம்வரை விரிந்துகொண்டே போயின. ‘வலுக்கட்டும்’ என்பது அச்சில் அப்படித்தான் தெரியும். ஏகாம்பரம் கோதண்டத்தின் மரத்தடிக்கு ஓடியது.

“தம்பி, ஒரு வார்த்தை குறையுது. பாட்டு ஏறிக்கிட்டே போகும், இறங்காது.”

“பாடறவங்க கொஞ்சம் பார்த்துப் பாடமாட்டாங்களாண்ணே?”

“பார்த்துதான் பாடுவாங்க. தாளைப் பார்த்து.”

அதற்குள் காட்டெருமைகளும் தவளைகளும் குகை வாசலில் தாளோடு நின்றுவிட்டன.

முதல் அடி பஞ்சு மாதிரி போனது. சிங்கத்தின் இமை இறங்கியது. இரண்டாவது அடியில் குரல் எழும்பியது. மூன்றாவதில் இன்னும் எழும்பியது. பாட்டு முடிந்ததும், விட்ட சத்தத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். நாவல் பழங்கள் உதிர்ந்தன. தேனீக்கள் குடும்பத்தோடு மாவட்டம் மாறின. தாலாட்டு இப்படி இருக்காது என்று எருமைகளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தாளின்படி பாடினால் தின்னப்படுவது கோதண்டம், தாளை மீறினால் மீறியவர். எனவே முழு மனதோடு பாடின. ஏகாம்பரம் குறுக்கே நின்று காலால் தரையைத் தட்டி நிறுத்தச் சொன்னது. தாளம் போடுகிறது என்று தவளைகள் அதோடு சேர்ந்துகொண்டன. சிங்கம் எழுந்து கர்ஜித்தது. அது யாருக்கும் கேட்கவில்லை. வாய் திறந்து மூடுவதைப் பார்த்து, ராஜாவே கூடச் சேர்ந்து பாடுகிறார் என்று எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள்.

மரத்தின் மேல் கோதண்டம் கண்ணை மூடிக்கொண்டது. தான் கேட்கும் கடைசிச் சத்தம் தன் பாட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்தது. அது நல்ல பாட்டுதானா என்ற சந்தேகம் அப்போதும் அதை விடவில்லை.

அப்புறம் சிங்கம் தலையை உதறியது. பின்னங்காலால் காதைச் சொறிந்தது. முதுகுக்குப் பின்னால் காய்ந்த கிளையொன்று முறிந்து விழுந்தது. சிங்கம் திரும்பவில்லை. யாரும் அதுவரை பார்க்காத ஓர் அமைதி அதன் முகத்தில் வந்தது. தரை அதிர்ந்து அதிர்ந்து அதன் வயிற்றைத் தடவிக்கொடுத்தது. கொட்டாவி விட்டது. படுத்தது. தூங்கிப்போனது.

மறுநாள் காலை எழுந்து, தேவைக்கு மேல் உரத்த குரலில், இதுதான் தாலாட்டு, இனித் தினமும் இதுவே என்று அறிவித்தது. ராஜாவுக்குக் காது போய்விட்டது என்று எல்லோருக்கும் உடனே புரிந்தது. அதை ராஜாவிடம் சொல்லும் பெருமையை எல்லோரும் அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். காட்டுக்கு நல்ல காலம் பிறந்தது. மான்கள் குகை வாசலிலேயே மேய்ந்தன. குறை சொல்ல வந்தவர்கள் ராஜாவின் முகத்துக்கு நேரே, சிரித்த முகமாகத் திட்டினார்கள். சிங்கம் தலையாட்டியது. கோதண்டத்தை எங்கே பார்த்தாலும் எழுந்து நின்றார்கள்.

ஏகாம்பரத்துக்கு மட்டும் மனது கேட்கவில்லை. தவறு தவறுதானே. தவறால் வந்த நன்மையை என்ன சொல்லி ஏற்றுக்கொள்வது என்று அதற்குத் தெரியவில்லை. சொல்லப்போனால் அது யாருக்குத்தான் தெரியும்? ரஞ்சிதம் பேன் பார்க்கப் போயிருந்த சமயத்தில் லேப்டாப்பைத் திறந்து, இருக்க வேண்டிய இடத்தில் ‘போதும்’ என்று தட்டியது. மஞ்சள் எழுத்து மறைந்தது. நேர்மையான பிராணி என்பதால் அடியில் ‘திருத்தியது: ஏகாம்பரம்’ என்றும் போட்டு, புதுத் தாளை அச்சடித்துக் கொடுத்தது.

அன்று மதியம் பாட்டு எழும்பி, அழகாக இறங்கியது. கோதண்டம் மனதில் வைத்திருந்த பாட்டு அதுதான். கேட்டு அதற்குக் கண் கலங்கியது. சிங்கத்துக்கு மட்டும் ஒன்றும் வந்து சேரவில்லை. தரை அதிரவில்லை. வாய்கள் அசைவதைப் பார்த்துக்கொண்டு விழித்தே கிடந்தது. பிறகு தாளை வாங்கி அடியில் பார்த்தது. இரண்டு பெயர்கள் இருந்தன.

“இதுதான் நீ எழுதினதா?” என்று கோதண்டத்தைக் கேட்டது.

கோதண்டம் இல்லை என்று தலையாட்டியது. அது பொய்யில்லை. அது எழுதியது இதுவல்ல. நினைத்ததுதான் இது. அதன் சிறகு, தானாகவே என்று பிற்பாடு சொல்லிக்கொண்டது, இரண்டாவது பெயரைத் தொட்டுக் காட்டியது.

சிங்கம் ஏகாம்பரத்தை அவசரத்தில் முள்ளோடு தின்றது. தொண்டையில் தைத்த முட்கள் கடைசிவரை வெளியே வரவில்லை. அன்றோடு அதன் கர்ஜனையும் போயிற்று. ஏகாம்பரம் செய்த திருத்தங்களில் காடு ஏற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

ரஞ்சிதம் ‘போதும்’ என்பதை அழித்தது. மஞ்சள் எழுத்து திரும்பி வந்தது. அதைப் பார்த்து எல்லோருக்கும் நிம்மதி.

யாரும் இல்லாதபோது கோதண்டம் அந்த இரண்டாவது அடியைத் தனக்குள் பாடிப் பார்க்கும். குரல் எழும்பும். இறங்க வேண்டிய இடம் வந்ததும் அக்கம்பக்கம் பார்க்கும். அப்படியே நிறுத்திக்கொள்ளும்.

நீதி: எச்சரிக்கைகளைப் படிக்காதீர்கள். படித்துவிட்டால் திருத்தாதீர்கள். திருத்தியே தீருவேன் என்றால், அடியில் அடுத்தவர் பெயரைப் போடுங்கள்.