பிலிமத்தலாவை வரை கைவீச்சு

கண்டியில் கைவீச்சுக் கிளாக்கரைப் போல நடந்தவரும் இல்லை, குடித்தவரும் இல்லை. இரண்டையும் ஒரே சிரத்தையோடு செய்தார் மனிதர்.

1930களின் தொடக்கத்தில் நாங்கள் நாலு கிளாக்கர்மார் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டில் அவர்தான் மூத்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். முதல்நாள் எத்தனை போட்டிருந்தாலும் விடிந்ததும் ஏரியைச் சுற்றி வந்துவிடுவார். கை தோள்மட்டத்துக்கு உயர்ந்தால்தான் நெஞ்சு விரியுமாம். அந்த வீச்சில் பறந்த குடைகளுக்கும் தொப்பிகளுக்கும் கணக்கில்லை. பெரஹரா ஊர்வல யானைக்கே வழிவிடாத வண்டிக்காரன்கூட இவரைக் கண்டால் மாட்டை ஓரங்கட்டுவான்.

"காலமை வேர்த்தால் இரவு குடிச்சது போயிடும், தம்பி."

"அப்ப சாயந்தரம் ஏண்ணே திரும்பக் குடிக்கிறீங்க?"

"நாளைக்கு வேர்க்கிறதுக்கு ஏதும் வேணுமெல்லோ!"

இந்தத் தர்க்கத்தை டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. ஈரல் வீங்கிவிட்டது, இனியும் குடித்தால் ஆள் தப்பாது என்று சொல்லிவிட்டார். அந்தச் சமயம் பார்த்து, எங்கள் பகுதிச் சாராயக் கடையான தவறணையை மூடுவதா வேண்டாமா என்று ஊரில் வாக்கெடுத்தார்கள். நம்மவர் சலவை வேட்டி சால்வையோடு முதல் ஆளாகப் போய், மூடச் சொல்லி வாக்களித்தார். மூடியும் விட்டார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் அன்று மாலை அதிக நேரம் நின்றவரும் அவர்தான்.

சனிக்கிழமையானால் நான் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்திலிருந்த எங்கள் வீட்டுக்கு ஓடிவிடுவேன். மற்ற இருவரும் ரயிலேறிவிடுவார்கள். அவருக்குப் போக இடமில்லை. மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகளும் இல்லை. மாலையில் அந்த வீட்டுக் கதிரையில் தனியே உட்கார்ந்திருப்பதைவிடக் கொடுமை அவருக்கு வேறு இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். "பிலிமத்தலாவையில தவறணை திறந்திருக்காம். பஸ்ஸில போகமாட்டன், ஏழு மைலும் நடப்பன். நடந்துபோய்க் குடிச்சால் அது குடியில்லை, தேகாப்பியாசம்!"

அன்றிலிருந்து கந்தோர் வேலை முடிந்ததும் கையை வீசிக்கொண்டு கிளம்புவார். கடைசி பஸ்ஸில் திரும்புவார். நாங்கள் பாடைக்குச் சொல்லிவைக்காத குறைதான். ஆனால் மாதம் போகப் போகக் கண்ணில் மஞ்சள் குறைந்தது. சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குடித்து உடம்பு தேறிய அதிசயத்தைப் பார்க்க ஒரு நாள் நானும் பஸ் ஏறினேன்.

தவறணைக்கு எதிரே ஒரு முஸ்லிம் நானாவின் பலசரக்குக் கடை. நம்மவர் வேர்த்து விறுவிறுத்து வந்ததும் நானா எழுந்து வாங்குப் பலகையைத் துடைத்தார்.

"வாங்க ஐயா, இரிங்க. ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க. நேத்து அந்தக் கப்பல் கதையப் பாதியில உட்டீங்களே?"

"எனக்கு அங்கால அலுவல் இருக்கு, நானா."

"அலுவல் எங்க ஓடப் போவுது? கதையச் செல்லுங்க."

கதை தொடங்கியது. கப்பல் புயலில் சிக்கியது, கரை தட்டியது, மறுபடி புயலில் சிக்கியது. எதிரே தவறணைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"ஐயோ, பூட்டிப்போட்டாங்கள்!"

"நேரம் போனதே தெரியலியே ஐயா! நாளைக்கி வாங்க" என்ற நானா, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். தினமும் இதே நாடகந்தான் நடந்திருக்கிறது.

சில வாரம் கழித்து ஒரு மாலை, மகளின் பேறுகாலத்துக்காக நானா கடையைப் பூட்டிவிட்டு மாத்தளைக்குப் போய்விட்டார் என்று பஸ் கண்டக்டர் சொன்னான். அடுத்த பஸ்ஸில் ஓடினேன்.

தவறணை திறந்திருந்தது. உள்ளே ஒரே கலகலப்பு. பூட்டிய கடை வாங்கில் கைவீச்சுக் கிளாக்கர், வீசாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருந்தார்.

"உள்ள போகலியாண்ணே?"

"நானாவிட்டைச் சொல்லாமல் எப்பிடித் தம்பி போறது? கதையும் முடியேல்லை."

பக்கத்தில் உட்கார்ந்தேன். "மிச்சத்த என்கிட்ட சொல்லுங்கண்ணே."

சொன்னார். தவறணை பூட்டியது. கடைசி பஸ்ஸும் போய்விட்டது, இருவரும் நடந்தோம். பேராதனைப் பக்கம் வரும்போது அவர் வீச்சில் என் தொப்பி பறந்து ஓடையில் விழுந்தது. போனால் போகட்டும் என்று நான் இன்னும் கொஞ்சம் நெருங்கி நடந்தேன்.