தொப்பியில்லாத துரை

நாய் வளர்ப்பவர், பூனை வளர்ப்பவர் என்று ஊரை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா? மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. இவர் பிராணியை வளர்ப்பதில்லை. பிராணிக்கு விழா எடுக்கிறார். சாப்பாடு வைப்பது, அது வெளிக்குப் போகும் மண் தட்டை மாற்றுவது, ஊசி போடத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். இவருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? தையல் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

நம் கண்ணாடிக் கடைக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடிக் கடை. நாள் முழுக்க அடுத்தவர் முகத்தைப் பார்ப்பதுதான் பிழைப்பு. வாசலில் ஆள் நுழையும்போதே, இவருக்கு வட்டச் சட்டம் எடுக்காது, சதுரம்தான் எடுக்கும் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிடுவார். ஒருதரம் வந்துபோன முகத்தை அடுத்த வருஷம் பார்த்தாலும் மறக்க மாட்டார். அந்தக் கண்ணும் கையும் வீட்டுக்கு வந்ததும் துரை பக்கம் திரும்பிவிடும். துரை என்பது பூனை.

கண்ணாடி துடைக்கக் கொடுக்கும் மெல்லிய துணியில் துரைக்கு மேலங்கி. முதுகில் கடையின் பெயர் பளிச்சென்று தெரியும். பழைய காலுறையின் நுனியை வெட்டிக் குல்லாய். பாட்டில் மூடியில் பதக்கம். விற்காமல் தங்கிப்போன குழந்தைச் சட்டங்களில் காதுக் கம்பியை வளைத்து, கண்ணாடியைக் கழற்றி, துரைக்கு ஒன்று வீட்டில் போட, ஒன்று வெளியே போட. துரை வெளியே போவதே இல்லை என்பது வேறு விஷயம்.

இவ்வளவையும் எப்போது போடுவது? அதற்குத்தான் நாட்கள் இருக்கின்றன. பூனைகள் தினம், கறுப்புப் பூனைகள் தினம் (துரை சாம்பல் நிறம், அதனால் என்ன), செல்லப் பிராணிகளைப் பாராட்டும் தினம், துரை வீட்டுக்கு வந்த தினம், துரை முதன்முதலாகத் தும்மிய தினம். ஒவ்வொன்றுக்கும் ஓர் உடுப்பு, ஒரு தொப்பி, ஒரு படம். படம் எடுத்ததும் சொந்தக்காரர், வாடிக்கையாளர், பல வருஷமாகப் பேசாமல் இருக்கும் மச்சான் வரைக்கும் அனுப்பிவிட்டு, யார் பார்த்தார்கள், யார் பார்த்தும் பதில் போடவில்லை என்று போனையே வெறித்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் துரை குல்லாயைக் கடித்து எறிவதை அவர் பார்த்ததே கிடையாது.

மனைவி ஒருநாள் கேட்டாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், சுருக்கமாகத்தான் பேசுவாள்.

"அதுக்குப் பிடிக்குதான்னு பாத்தீங்களா?"

"பிடிக்காமலா இப்படி ஆடாம அசையாம நிக்குது?"

"பயந்துபோய் நிக்குது."

"உனக்கு ரசனை கிடையாது."

அந்த வருஷப் பாராட்டு தினத்துக்கு இறக்கை என்று முடிவானது. அட்டையில் வெட்டி, பஞ்சு ஒட்டி, தோளில் மாட்டும்படி. காலையில் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு துரையை மேஜைமேல் நிறுத்தி மார்புச் சுற்றை அளந்துகொண்டிருக்கையில் கடையிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பினால் மேஜைமேல் டேப் மட்டும் கிடந்தது. சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.

மனிதர் ஆடிப்போய்விட்டார். கேலி செய்கிறோமே தவிர, அவர் பாசம் பொய்யில்லை. கடையை அடைக்கச் சொல்லிவிட்டுத் தெருத் தெருவாக அலைந்தார். கார்களுக்கு அடியில் குனிந்து பார்த்தார். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். மத்தியானம் தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே இருந்தது. கடைசியில் 'காணவில்லை' என்று நோட்டீஸ் அடிக்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல் வந்தது. எந்தப் படத்தைப் போடுவது? கிரீடம் வைத்த துரை, கறுப்புக் கண்ணாடி துரை, மாலுமித் தொப்பி துரை, ஒட்டு மீசை துரை. இருப்பதில் முகம் கொஞ்சம் தெரிந்தது கிரீடப் படம்தான். அதையே போட்டார்.

ஊரே உதவியது. மூலைக்கடைக்காரர் நோட்டீஸைப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு தலையாட்டினார். "கிரீடம் வச்ச பூனை எதுவும் இந்தப் பக்கம் வரலீங்க. வந்திருந்தா கண்ணுல பட்டிருக்கும்."

மறுநாள் மாலை மேல்மாடிப் பல் டாக்டரம்மா கதவைத் தட்டினாள். "சார், நேத்துலேர்ந்து ஒரு பூனை எங்க சோபால தூங்குது. உங்களுதான்னு வந்து பாருங்களேன்."

இரண்டிரண்டு படியாக ஏறினார். மனைவி பின்னாலேயே போனாள். சோபாவில் ஒரு சாம்பல் பூனை நான்கு காலையும் விரித்துப்போட்டுக்கொண்டு, வயிறு தெரிய உறங்கிக்கொண்டிருந்தது. அவர் குனிந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"இது நம்ம துரை இல்ல."

மனைவி கையைக் கட்டிக்கொண்டாள்.

"காதைப் பாரு, எவ்வளவு பெருசு. நம்மளுதுக்கு இவ்வளவு காது ஏது? நெத்தியில கோடு வேற இருக்கு."

"அப்படியா? நல்லாப் பாருங்க."

"முகத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியல." சட்டென்று அவருக்கு யோசனை வந்தது. "கழுத்து ஒன்பது அங்குலம். அளந்தா தெரிஞ்சிடும்."

சட்டைப் பையிலிருந்து இஞ்ச் டேப்பை உருவினார். அந்தச் சரசரப்புதான் கேட்டது. பூனை ஒரு கண்ணைத் திறந்து டேப்பைப் பார்த்தது. அடுத்த நொடி டாக்டரம்மாவின் தோளில் கால் வைத்து, திரைச்சீலையில் தொற்றி, அலமாரிக்குப் பின்னால் போய் விழுந்தது.

"துரைதான்," என்றாள் மனைவி.

அவர் டேப்பைச் சுருட்டி மாடிப்படியில் வைத்துவிட்டு வந்து, அலமாரி முன்னால் தரையில் வெறுங்கையோடு உட்கார்ந்தார். என்னைப் பார்த்துத்தானே ஓடியது என்று நினைத்தபோது கண் கலங்கியது. மனைவி கூப்பிட்டதும் துரை மெல்ல வெளியே வந்து அவள் மடியில் ஏறிக்கொண்டது. அவர் பக்கம் வரவில்லை. பக்கத்தில் இருந்தபடியே அதன் முகத்தைப் பார்த்தார்.

"மூக்குக்கிட்ட இந்தப் புள்ளி எப்ப வந்துச்சு?"

"பொறந்ததுலேர்ந்து இருக்கு."

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். குல்லாய், மேலங்கி, இறக்கை எல்லாம் பெட்டிக்குள் போய் பரணில் ஏறின. துரையும் கொஞ்சம் கொஞ்சமாக மனமிரங்கி, ஒருநாள் அவர் காலடியில் வந்து படுத்தது. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நிறைந்தால் சும்மா இருக்க முடியுமா? மறுநாளே அறிவித்தார்: இனி ஒவ்வொரு வருஷமும் இந்த நாள் துரையின் 'வெறுந்தலை தினம்'. தொப்பி கிடையாது, கண்ணாடி கிடையாது, சத்தியம். உட்கார ஒரு சின்ன வெல்வெட் திண்டு, பின்னால் ஒரு திரை, அவ்வளவுதான். திண்டு சரியாக அமையவேண்டுமே என்று மாடிப்படியில் போய் டேப்பைத் தேடிக்கொண்டிருந்தார். துரை சமையலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் பூனை இல்லை, நாய் இல்லை, தெரியும். குழந்தை இருக்கிறது அல்லவா? போனைத் திறந்து படங்களைப் பாருங்கள். பட்டாம்பூச்சி, போலீஸ்காரர், முயல், கேரட். வேஷமில்லாமல் உங்கள் பிள்ளையின் முகம் மட்டும் இருக்கும் படம் ஒன்று கிடைக்கும்வரை தள்ளிக்கொண்டே போங்கள். எதற்கும் ஜன்னலை ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.