பொறுப்பு நாடா

எங்கள் ஊர் அலுவலகம் ஒன்றில் பொறுப்பு எவர் மேசையில் இருக்கிறது என்பது நெடுநாளாகக் கண்டுபிடிக்கப்படாமல் இருந்தது. இக்குறையைக் களையும் பொருட்டு, கண்காணிப்பாளர் ராஜவேலு மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தார்.

அங்கே அவர் கற்றது ஒரு சூதாட்டச் சொல். 'பாஸ் தி பக்' என்று இங்கிலீஷில் சொல்கிறார்களே, அது போக்கர் மேசையில் பிறந்ததாம். சீட்டுப் போடும் முறை யாருடையதோ, அவர் முன்னால் மான்கொம்புப் பிடி போட்ட கத்தி இருக்கும்; 'பக்' என்றால் ஆண்மான். போட மனமில்லாதவர் அதைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடலாம். அதுவே பிற்பாடு பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்குப் பேராயிற்று. பயிற்சியில் இதைப் பழிப்புச் சொல்லாகத்தான் சொன்னார்கள். ராஜவேலுவோ அதை வழிமுறை என்று எழுதிக்கொண்டு வந்தார்.

மான்கொம்புக்கு வனத்துறை விடாது, கத்திக்குப் போலீஸ் விடாது. ஆகவே, 'உள்ளூர்ப் பாரம்பரியத்தைப் போற்றும் வகையில்' தறியில் ஊடைநூலைச் சுமந்து குறுக்கே ஓடும் மரக்கட்டையான நாடா ஒன்று வாங்கப்பட்டது. நாடா எவர் மேசையிலோ அவரே பொறுப்பு என்று சுற்றறிக்கையும் வந்தது.

முதல் மனு எங்கள் தெரு மங்கையர்க்கரசியுடையது. மழைநீர்க் கால்வாய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் அவள் தறிக்குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"குழி ரொம்பிக்கினு இருக்குது சார். பாவு நூலு நனஞ்சா கரைச்சாயம் பொடவையெல்லாம் ஊறிடும். கல்யாணப் பொடவை சார், பாதி நெய்ஞ்சிட்டேன்."

"கவலப்படாதம்மா. இனிமே பொறுப்பு யார்கிட்ட இருக்குதுன்னு கண்ணாலயே பாக்கலாம்" என்று ராஜவேலு நாடாவை எழுத்தர் கிறிஸ்டோபரிடம் தள்ளினார்.

கிறிஸ்டோபர் அடுத்த மேசை பிரவீனாவிடம் தள்ளினார். பிரவீனா திரும்ப ராஜவேலுவிடமே தள்ளினார். மூன்று நாளில் பதினேழு சுற்று. ஒவ்வொன்றும் 'நாடா நகர்வுப் பதிவேட்டில்' ஏறியது. இவ்வளவு சுறுசுறுப்பை அந்த அலுவலகம் கண்டதில்லை.

"தறியில இது ஒரு தபா போனாலே ஒரு இழை விழும் சார். இங்க மூணு நாளா ஓடுது, ஒண்ணையும் காணோம்" என்றாள் மறுபடி வந்து நின்ற மங்கையர்க்கரசி.

ராஜவேலு யோசித்தார். "இதோட அருமை உனக்குத்தாம்மா தெரியுது. நீயே வெச்சுக்க" என்று அவள் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டார். 'பொறுப்பு மனுதாரரிடம் ஒப்படைக்கப்பட்டது. கோப்பு முடிவுற்றது.'

அவள் நேரே தெருவுக்கு வந்தாள். "ஆபீஸ் கத முடிஞ்சிது. ஆளுக்கு நாலு கூடை வாரினா அடைப்ப எடுத்துடலாம். முதல்ல யார் வர்றீங்க?"

தெருவே அலுவலகத்தைக் காறித் துப்பியது. "வெக்கங்கெட்டவனுங்கமா" என்றார் முதல் வீட்டுப் பூவராகவன். நாடாவை வாங்கினார், "என் வீடு மேட்டுல இருக்குதே" என்று அடுத்த வீட்டில் கொடுத்தார். அங்கே மூட்டுவலி. அதற்கடுத்த வீட்டில் விருந்தாளி. எவரும் பயிற்சிக்குப் போனதில்லை.

சாயங்காலத்துக்குள் நாடா தெருவைச் சுற்றி அவள் வாசலுக்கே வந்துவிட்டது. உள்ளே பாவிலிருந்து அரக்குச் சாயம் சொட்டிக்கொண்டிருந்தது.

வாசலில் வைத்தவன் நான்தான். கால்வாயை அடைத்துக் கிடப்பதும் நான் மாடி கட்டியபோது கொட்டிய செங்கல் உடைசல்தான். அதைப் பற்றி அந்தப் பதிவேட்டில் ஒரு வரி இல்லை. என்ன அலுவலகமோ.