வாண்டு வாய் திறந்த விவரம்

என் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் என் தலைமுடியிலும் என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலும் மசித்த உருளைக்கிழங்கு காய்ந்து கிடக்கும்போது அப்படி எழுதக் கை வரவில்லை.

"வாண்டை ஒரு வாரம் எங்கிட்ட விடு, பாலை மறக்கடிச்சு அனுப்புறேன்" என்று நீ போனில் சொன்னாய் அல்லவா? நடந்ததை முதலில் கேள். ஒன்றரை வயது தாண்டியும் வாண்டு என்னைத்தான் முழுநேர ஹோட்டலாக வைத்திருந்தாள். முன்னறையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டால் போதும், எந்த மூலையில் இருந்தாலும் ஓடிவந்து மடியில் ஏறிவிடுவாள். ஒரு வக்கீலம்மாவுக்குக் கோட் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். "பாச்சி, பாச்சி" என்று என்னை அவள் இழுத்த இழுப்பில், இடுப்பு அளவைத் தோள் அளவாக எழுதித் தொலைத்தேன். அந்தக் கோட்டுக்குள் இப்போது இரண்டு வக்கீல்கள் தாராளமாக நின்று வாதாடலாம்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுத் தள்ளியிருப்பேன். ஆனால் குழந்தை டாக்டர் அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், ரத்தப் பரிசோதனை முடிவையும் பார்த்தார், சிரிக்கவில்லை. "ரத்தம் ரொம்பக் குறைவா இருக்கும்மா. பால் குடுக்கிறது தப்பே இல்ல. ஆனா நாள் பூரா அதையே குடிச்சு வயித்த நெப்பிக்கிட்டா சோறு எங்க இறங்கும்? முதல்ல சாப்பாடு, அப்புறம் பால்" என்றார். வீடு வந்து சேரும்வரை அவளுடைய வெளுத்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். எப்படியும் சாப்பிட வைத்தே தீருவது என்று பஸ்ஸிலேயே முடிவெடுத்துவிட்டேன்.

உருளைக்கிழங்கை மசித்துக் கொடுத்தேன், தலைக்குத் தேய்த்துக்கொண்டாள். கேரட்டை வேகவைத்துக் கொடுத்தேன், பத்திரமாகக் கொண்டுபோய்ப் பட்டன் டப்பாவில் போட்டாள். லிப்ட் ரிப்பேர் பார்க்கும் என் வீட்டுக்காரர், "எத்தனையோ மாட்டிக்கிட்ட கதவைத் தொறந்திருக்கேன், இந்தச் சின்ன வாயைத் தொறக்க மாட்டேனா?" என்று களத்தில் குதித்தார். கரண்டிதான் லிப்டாம். "மேல போகுது... நிக்குது... கதவு தொறக்குது..." கதவு திறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஏற்றிய சரக்கை வீணாக்க மனமில்லாமல் அவரே சாப்பிட்டார். வாண்டின் எடை கடுகளவும் ஏறவில்லை, இவருடைய பேன்ட்டைத்தான் இடுப்புப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டம்மா ஒரு நாள் அவள் அழுகையைக் கேட்டுவிட்டு வந்து, "உனக்கென்ன கல்லு மனசா? குடுத்துத் தொலையேன்" என்றாள். எனக்கு மார் கட்டிக்கொண்டு வலி உயிர் போனது, ஜாக்கெட் நனைந்தது. ஆனாலும், "சாப்டுட்டுப் பாச்சி, கண்ணு" என்பதிலிருந்து நான் இம்மியும் நகரவில்லை.

அப்புறம் ஒரு மத்தியானம். சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத எனக்குக் கண்ணை இருட்டியது. "நீ தின்னா தின்னு, தின்னாட்டிப் போ. எனக்குப் பசிக்குது" என்று சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்து சோறும் கீரையும் அவித்த முட்டையுமாகப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தேன். சத்தியமாக அவளை நினைக்கவே இல்லை அக்கா. இவள் பிறந்த பிறகு நான் சூடாகச் சாப்பிட்ட முதல் சோறு அது. பக்கவாட்டிலிருந்து ஒரு சின்னக் கை தட்டுக்குள் வந்தது. இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், ஒரு முறை முறைத்தேன், அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவள் மஞ்சள் கருவை எடுத்தாள், வாயில் போட்டாள், முகத்தைக் கோணினாள், என் முழங்காலில் துப்பினாள். அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு முழங்காலிலிருந்தே பொறுக்கி எடுத்து மறுபடி வாயில் போட்டு விழுங்கினாள். அதற்கப்புறம் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு என்னைத் தள்ளிவிட்டாள்.

இத்தனை நாள் நாங்கள் இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவளுக்கு எப்படி இறங்கும், சொல். இப்போது என் தட்டிலிருந்து அவளே எடுத்து மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். பால், சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கப்போகும்போது மட்டும்தான். ஆகவே வாண்டை உன்னிடம் அனுப்புவதாக இல்லை. நீ லீவு போட்டுக்கொண்டு இங்கே வரவும் வேண்டாம். எல்லாவற்றையும் நானே சமாளித்துவிட்டேன். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

இப்படிக்கு,
யார் தயவும் தேவைப்படாத
உன் தங்கை

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் வாண்டு சாப்பிட்டு முடித்துவிட்டாள். தூங்கும் நேரமாயிற்றே என்று கட்டிலில் தயாராக உட்கார்ந்து, "பாச்சி வேணுமாடா?" என்றேன். பல்லிடுக்கில் கீரையோடு, "வேணா" என்றாள். நேரே அவள் அப்பாவிடம் போய்த் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இவர் பூரித்துப்போய், "ஜெயிச்சுட்ட போ!" என்றார். தலையணையை அவர்மேல் விட்டெறிந்துவிட்டுப் பாத்ரூமைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அழுதேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். உடனே லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டு வா அக்கா. குழந்தைக்காக இல்லை.