மூன்று பூட்டுப் போட்ட வாதுமை

அரிப்பு என்ற கடற்கரை ஊரில், முத்துக்குளிப்பைக் கவனிக்கும் சலாபக் கந்தோரில் முத்து இல்லை என்பதைத் தவிர வேறொரு குறையும் இருக்கவில்லை. துரை இருந்தார். துரைக்கு உட்காரக் கதிரை இருந்தது. விதிப்புத்தகத்துக்கு ஓர் அலுமாரியும் முத்துக்கு மூன்று பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியும் இருந்தன. முத்துகளைப் பருமன்படி பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. அவற்றைத் தினமும் புளி போட்டுத் துலக்கி வைக்கச் சரிபுதீன் இருந்தார். கடலில் சிப்பிதான் பதினாலு வருஷமாக விளையவில்லை.

இந்தச் சிறு குறையைக் கொழும்பு எப்படியோ கண்டுபிடித்துவிட்டது. வேண்டாத உத்தியோகங்களை வெட்டுவதற்குப் பெரிய துரை ஒருவர் சித்திரை மாதம் வருகிறார் என்று கடிதம் வந்தது. வெட்டப்பட வேண்டியவர்களின் பட்டியலும் கூடவே வந்தது. முதற்பெயர் சரிபுதீன். இரண்டாவது பெயர் இல்லை.

வேறு தொழில் அவருக்குத் தெரியாது. முத்து என்றால் கையில் உருட்டிப் பார்த்தே தரம் சொல்லுவார். குறையே இல்லாதது ஆணி. உருட்சியும் ஒளியும் கெட்டது கல்லிப்பு. பல முத்துகள் ஒட்டி ஒன்றாய் வளர்ந்தது பீசல். இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு ஐம்பத்திரண்டு வயதில் தோட்டவெளிக்குப் போய்ப் பனை ஏற முடியாது.

கடிதம் வந்த கப்பலிலேயே நாலு தகரப் பேணிகளும் வந்தன. இரண்டில் சீனி பூசிய வாதுமை, இரண்டில் சொக்லட் பூசிய வாதுமை. கொழும்பில் இப்போது சாப்பாட்டின் கடைசியில் இவை வராவிட்டால் விருந்தே நடக்கவில்லை என்றுதான் கணக்காம். துரையின் மனைவி துரைசானி சொன்னார். துரை ஒரு காகிதத் துண்டில் எழுதினார்: “நல்லவற்றைத் தெரிந்தெடுத்து, பெரிய துரை வரும்வரை பத்திரப்படுத்தவும்.” சமையற்காரனுக்குப் போகவேண்டிய துண்டு, துரையின் கையொப்பம் இருந்த காரணத்தால், தலைமைக் கிளாக்கர் அமிர்தநாயகத்திடம் போயிற்று.

அவர் விதிப்புத்தகத்தை ஒரு பகல் முழுக்கப் புரட்டிவிட்டு, அண்ணன் முறையில் ‘நானா’ என்று சரிபுதீனைக் கூப்பிட்டார்.

“நானா, இது உருண்டையோ?”

“ஓரளவுக்கு உருண்டைதான், ஐயா.”

“மேல பூச்சு இருக்கோ? மினுங்குதோ?”

“இருக்கு. மினுங்குது.”

“உள்ளுக்கு என்ன இருக்கெண்டு வெளியால தெரியுதோ?”

“தெரியேல்லை.”

“அப்ப நாலாம் அத்தியாயம்தான். முத்து.”

“ஐயா, இது தின்னுற சாமான்!”

“முத்தைத் தின்னக்கூடாதெண்டு நாலாம் அத்தியாயத்தில எங்கயும் இல்லை. நீங்கள் சல்லடையை எடுங்கோ. பெரிய துரை வரேக்க உங்கட கையில வேலை இருக்கோணும். விளங்குதோ?”

விளங்கியது. சரிபுதீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தார். பதினாலு வருஷத்துக்குப் பிறகு சல்லடைகள் குலுங்கின. வெள்ளைச் சீனி வாதுமைகளில் பதினொன்று ஆணி. சொக்லட் முழுவதும், ஒளி போதாமையால், கல்லிப்பு. ஏழாவது சல்லடையில் தங்கிய சில சொக்லட்டுகளில் அவருக்குச் சந்தேகம் தட்டியது. சந்தேகமான முத்தின் மேற்தோலைச் சீவிப் பார்ப்பது முறை. சீவினார். உள்ளே நிலக்கடலை.

“ஐயா, பேணியில வாதுமையெண்டு எழுதியிருக்கு. இது கச்சான்.”

“எழுதிப் போடாதேங்கோ. கொழும்பிலிருந்து வந்த வாதுமைக்குள்ள கச்சான் இருக்க விதியில்லை.”

“இருக்கே!”

“இல்லாத சாமான் அது. வீட்டை கொண்டு போங்கோ.”

வீட்டில் அவர் மனைவி சபூரா ஒன்றை வாயில் போட்டாள். மிச்சத்தை மண்பானையில் போட்டுத் தேங்காய்ச் சிரட்டையால் மூடி, அடுப்படி மூலையில் ஈரமணலுக்குள் புதைத்தாள்.

“மத்ததெல்லாம் எங்க வைப்பீங்க?”

“இரும்புப் பெட்டியில.”

“தகரக் கூரைக்குக் கீழேயா? சித்திரை வெயிலுக்கு உங்கட துரையே உருகிப் போவார். இப்படிப் பானையில வைக்கச் சொல்லுங்க.”

சரிபுதீன் சொன்னார். அமிர்தநாயகம் ஆழமாக யோசித்தார்.

“பானைக்குப் பூட்டு இருக்கோ, நானா?”

ஆகவே வாதுமைகள் தரம் தரமாகச் சிவப்புத் துணியில் முடியப்பட்டு, அரக்கு முத்திரை குத்தப்பட்டு, பெட்டிக்குள் போயின. மூன்று பூட்டின் மூன்று திறப்புகளில் ஒன்று துரையிடம், ஒன்று கிளாக்கரிடம், ஒன்று கடலிலிருந்து தள்ளி உயிலங்குளத்து ஊர் அதிகாரி விதானையாரிடம். முத்து பத்திரமாய் இருப்பதற்கு யாராலும் அதைப் பார்க்க முடியாமல் இருப்பதே வழி என்று அந்தக் காலத்திலேயே கண்டிருந்தார்கள்.

இரண்டு கிழமை போனது. காவற்காரன் செபமாலை வந்து நின்றான்.

“ஐயா, பெட்டிக்குள்ள எறும்பு போகுது.”

“எறும்புக்குத் திறப்புக் குடுத்தது ஆர்?” என்று அமிர்தநாயகம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்.

பெரிய துரை வந்தார். விருந்தின் முடிவில் எல்லோர் முன்னிலையிலும் மூன்று பூட்டும் திறக்கப்பட்டன. உள்ளே முடிச்சுகள் இல்லை. தேங்காயளவில் கறுத்த கட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்து வெள்ளை வாதுமைகள் பல்லைப் போல நீட்டிக்கொண்டிருந்தன. துணியும் அரக்கும் எறும்பும் அதோடு ஐக்கியமாகியிருந்தன.

துரை கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் விதானையாரைப் பார்த்தார். விதானையார் கடலைப் பார்த்தார். பெரிய துரை சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்தார்.

சரிபுதீன் முன்னுக்கு வந்தார். கட்டியைத் தட்டில் தூக்கி வைத்து, வெளிச்சத்தில் மூன்று தரம் திருப்பினார். பத்துச் சல்லடைகளிலும் வைத்துப் பார்த்தார். ஒன்றிலும் நுழையவில்லை.

“பீசல்,” என்றார்.

“பல முத்துகள் சேர்ந்து ஒன்றாக விளைவது. மிக அபூர்வம்,” என்று அமிர்தநாயகம் இங்கிலீசில் மொழிபெயர்த்தார்.

“லண்டனில் இந்த வருஷம் இப்படித்தான் பரிமாறுகிறார்கள்,” என்றார் துரைசானி.

லண்டனில் நடப்பது தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளப் பெரிய துரை கடல் கடந்து வரவில்லை. கத்தி கேட்டார். வெட்டினார். தின்றார். எல்லோரும் தின்றார்கள். வாயில் துணி நூல் அகப்பட்டவர்கள் நாகரிகமாக விழுங்கினார்கள்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. சரிபுதீனின் உத்தியோகம் நிரந்தரம். கொழும்பு விருந்துகளுக்கு வேண்டிய பீசல் இனி அரிப்பிலேயே தயாராகும். மாதாமாதம் பேணிகள் வந்தன, தரம் பிரிக்கப்பட்டன, தகரக் கூரைக்குக் கீழே பூட்டப்பட்டு உருகின. கச்சான் கலந்தவை வழக்கம் போல் சபூராவின் பானைக்குப் போய், ஒன்றும் ஆகாமல் இருந்தன. அந்தப் பக்கம் போன கந்தோர்க்காரர் ஒருவரும் அதில் ஒன்றை வாயில் போடாமல் திரும்புவதில்லை.

அடுத்த பங்குனியில் சிப்பி விளைந்தது. ஆணி முத்து, பட்டாணி அளவில். கந்தோர் கலங்கிப் போனது. பெட்டியில் இடமில்லை. சல்லடைக் கண்களைச் சீனி அடைத்திருந்தது. அமிர்தநாயகம் அன்றும் புத்தகம் புரட்டி, “இடநெருக்கடி காரணமாக முத்துகளைத் தற்காலிகமாகச் சரிபுதீன் வீட்டுப் பானையில் வைக்கவும்” என்று குறிப்பு எழுதினார்.

பூட்டு இல்லை, சிரட்டை மூடி மட்டும். முதலில் செபமாலை வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தான். முகம் சுருங்கி மூடிவிட்டுப் போனான். விதானையார் வந்தார், பார்த்தார், பெருமூச்சு விட்டார். அமிர்தநாயகம் கையையே உள்ளே விட்டுத் துழாவிவிட்டு, வெறுங்கையோடு திரும்பினார்.

கடைசியாகச் சரிபுதீன். பதினைந்து வருஷம் இந்த முத்துக்காகவே சல்லடை துலக்கிய மனுஷன். குனிந்து பார்த்தார். பானைக்குள் முத்து நிலா மாதிரிக் கிடந்தது.

“சபூரா,” என்றார், “இதுக்குள்ள இருந்த கச்சானை எங்க வைச்சிருக்கிறாய்?”