மூடியில் எழுதிய பெயரும் பொங்காத தெல்லாவும்

பஹர் தார் நகரில் இருக்கும் அருமை மருமகன் தக்கலெவுக்கு, மாமனார் பெலாய் தன் கையாலேயே எழுதுவது. ஆம், இந்த வயதில் எழுத்துக் கற்ற தன் கையாலேயே. புனித மிகாயேல் அருளால் நானும் மாடுகளும் சுகம். நீயும் என் மகளும் புதுப் பேத்தியும் சுகமாயிருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு வரிதான் எழுத வருகிறது, அதனால் நீயும் நிதானமாகப் படி. முக்கியமாக, பிரசவம் பார்க்க அங்கே வந்திருக்கும் உன் மாமியார் எனானுவின் காதில் விழாமல் படி.

இந்த மாதம் மிகாயேல் சங்கத்து விருந்து நம் வீட்டு முறை. பன்னிரண்டு பேர் வருவார்கள். முப்பது வருடத்தில் நம் வீட்டுத் தெல்லா, பானையில் நுரைத்துப் பொங்கும் அந்தப் பார்லி பீர், ஒரு முறையும் பிசகியதில்லை. கிளம்பும்போது எனானு, "நீங்க பானையத் தொடாதீங்க, பக்கத்து வீட்டு ஷிதாயே போட்டுத் தருவா" என்றாள். "எழுத்துத் தெரிஞ்சவனுக்கு என்ன பயம்?" என்றேன். இரண்டு தகர டப்பாக்களின் மூடியிலும் நானே கரியால் எழுதியிருந்தேனே! ஒன்று தெல்லாவுக்கான பார்லி முளை மாவு, மற்றது பிசைந்து தின்னும் பெஸ்ஸோ, அதாவது வறுத்த பார்லி மாவு. பார்க்க இரண்டும் ஒரே நிறம். கசப்புக்குப் போடும் கேஷோ இலை ஊறிய பானையில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, 'முளை மாவு' முழுவதையும் கொட்டி மூடினேன். மூன்று நாளாகியும் ஒரு குமிழி இல்லை. காதை வைத்துக் கேட்டேன், நோன்பு மாதத்துக் கல்யாணப் பந்தல்போல் அமைதி. என் வயிற்றில்தான் ஓயாத சத்தம். தினமும் தேன் விட்டுப் பிசைந்து தின்ற பெஸ்ஸோ ஏனோ கையில் நிற்காமல் நீர்த்துப் போனது.

ஷிதாயே வந்தாள். பானையில் விரலை விட்டு நக்கினாள். மற்ற டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த மாவை வாயில் போட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணே, பானைக்குள்ள இருக்கறதுதான் பெஸ்ஸோ. வறுத்தது எங்கண்ணே பொங்கும்? முளை மாவ நீங்க தின்னு தீத்துட்டீங்க. தெல்லா உங்க வயித்துலதான் ஊறுது!"

"மூடியில எழுதியிருக்கே, ஷிதாயே!"

"நாக்குல வச்சுப் பாக்கறதுக்கும் பள்ளிக்கூடம் போகணுமா?"

எனானு அவசரத்தில் மூடிகளை மாற்றியிருப்பாள், மன்னித்துவிட்டேன். ஆனால் விருந்துக்கு ஆறே நாள். பார்லியை முளைகட்டிக் காயவைக்கவே ஒரு வாரம் ஆகும். பன்னிரண்டு பேருக்கும் தண்ணீரா ஊற்றுவது?

"கொட்டிராதீங்க. வறுத்த மாவு நிறத்துக்கு ஆச்சு. பொங்க வைக்க எங்கிட்ட கேழ்வரகு முளை இருக்கு" என்றாள் ஷிதாயே. அரைத்துப் போட்டோம். மறுநாள் காலையில் பானை முணுமுணுத்தது. மத்தியானம் நுரை மூடியையே தள்ளியது. நான் ஆடினேன். பார்த்தது மாடுகள் மட்டும்தான்.

விருந்தன்று தெல்லா காப்பி நிறத்தில் வந்தது. முதலில் குடித்தவர் நம் பாதிரியார். குவளையின் அடிவரை காலி செய்தார். பிறகு குவளையை நீட்டினார்.

"இன்னொண்ணு ஊத்து. எனானுகிட்ட சொல்லிராத, இனிமே உன் வீட்டு முறைக்கு நீயே போடு."

பானையின் அடி தெரியும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அந்த நுரைபோல் உங்கள் வீட்டில் சந்தோஷம் பொங்கி வழியட்டும். பேத்தியின் உள்ளங்காலில் என் முத்தம்.

இப்படிக்கு,
தானே எழுதி, தானே கையெழுத்தும் போட்ட
பெலாய்

பின்குறிப்பு: ஆறு ஆறு வரியாக எழுதியதில், கடிதம் முடியுமுன் எனானு ஊர் வந்து சேர்ந்துவிட்டாள். முழுவதையும் உரக்கப் படிக்கச் சொன்னாள். படித்தேன். "மூடிய நானா மாத்துனேன்? கழுவிக் காயவச்ச மூடியில எழுதி, கைக்கு வந்தத எடுத்து மூடினது நீங்க! டப்பா மேல எழுதக்கூடாதா?" என்றாள். ஒளித்து வைத்திருந்த ஒரு குடுவைத் தெல்லாவை எடுத்து ஊற்றினேன். குடித்தாள். குவளையை மறுபடி நீட்டினாள். இதை மட்டும் தெருவுக்கே கேட்கும்படி படி.