கெமிஸ்ட்ரிக்கு ஸ்கோப் இருக்கா?

மதுரைப் பக்கம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள், மழை விட்டதும் கிளம்புகிற ஈசல் மாதிரி ஒரு ரக மனிதர்கள் கிளம்பி வருவார்கள். நான் அவர்களுக்கு ஸ்கோப்புக்காரர்கள் என்று பெயர் வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல பெயர் தோன்றினால் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் ஆட்சேபமில்லை. உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார். தெருவில் இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார் என்று அர்த்தம்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். "என்ன படிக்கப் போற?" என்று பிள்ளையிடம் கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார் என்றா நினைத்தீர்கள்? பிள்ளை வாயைத் திறந்து "பி.எஸ்ஸி..." என்று ஆரம்பிப்பதற்குள், கண்ணை இறுக மூடி, ஏதோ துக்கச் செய்தி கேட்டவர்போலத் தலையை ஆட்டி, "ப்ச்" என்று ஒரு சத்தம் கொடுப்பார். அந்த "ப்ச்"சில் பாதிப் பிள்ளைகளுக்குப் படிப்பே வெறுத்துவிடும். மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில்கூட, முன்பின் தெரியாத பிள்ளையை இவர் விடமாட்டார். வரலாறு என்றால் "செத்தவன் கதை, அதுக்கு எதுக்குக் காலேஜு?" என்பார். தமிழ் என்றால் "அதான் வீட்டுலயே பேசுறோமே." கணக்கு என்றால் "அதத்தான் போனே போட்டுருதே." கெமிஸ்ட்ரி என்றால் மட்டும் உடனே பதில் சொல்லமாட்டார். உட்கார இடம் தேடுவார். ஏனென்றால் அதற்கு அவர் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்.

எங்கள் அழகுபாண்டி அண்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். பழங்காநத்தத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். இடப்பக்கம் தின்னர், வலப்பக்கம் வார்னிஷ், தலைக்கு மேலே துருப் பிடிக்காமல் இருக்க ஒன்று, பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒன்று, மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க ஒன்று என்று டப்பா டப்பாவாக அடுக்கி, அத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "கெமிஸ்ட்ரிய வச்சு வெளியில என்னப்பா செய்ய முடியும்?" என்று கேட்பார். அதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். அண்ணனுக்கு அது நிறைய உண்டு.

அவர் கணக்கு எப்படிப் போகும் தெரியுமா? காலேஜ் பீஸ், லேப் பீஸ், போகவர பஸ் காசு, வெள்ளைக் கோட்டு, அதில் ஆசிட் தெறித்து ஓட்டை விழுந்தால் இன்னொரு கோட்டு, மூன்று வருஷம் பிள்ளை தின்கிற சோறு (படிக்காமல் வீட்டில் இருந்தாலும் தின்னத்தானே செய்யும் என்று குறுக்கே கேட்டால் முறைப்பார்), எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஏற்றுவார். மறுபக்கம், கப்பலூர்க் கம்பெனியில் சோதனைச்சாலையில் நின்றால் கிடைக்கிற முதல் மாசச் சம்பளத்தை வைப்பார். முதல் மாசம் மட்டும்தான். அவர் கணக்கில் யாருக்கும் சம்பளம் ஏறியதே கிடையாது. பிறகு அதிலிருந்து கல்யாணம், பிரசவம், மாமியார் வேலையை விடச் சொல்வது எல்லாவற்றையும் கழிப்பார். மிச்சம் சைபர். எந்த வீட்டுப் பிள்ளையைப் போட்டாலும் சைபர். "நான் சொல்லல, கணக்கு சொல்லுது" என்பார்.

இதே கணக்கை இன்ஜினியரிங்குக்குப் போடுவாரா? மாட்டார். அது செலவில்லையாம், முதலீடாம். அவருடைய மகன் சூரியபிரகாஷ் பி.இ. முடித்துவிட்டு அப்பா கடையில்தான் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருக்கிறான். "என்னண்ணே இது?" என்று கேட்டால், "சொந்தத் தொழிலப் பாக்குறான்" என்று பதில் வரும்.

இந்தக் கணக்கு போன வருஷம் அவருடைய சொந்தத் தங்கச்சி வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. தங்கச்சி சின்னத்தாய், செக்கானூரணிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். புருஷன் பெயர் காளை, விவசாயம் பார்க்கிறவர், வாயில்லாத மனுஷர். மகள் நாகஜோதி நல்ல மார்க் வாங்கி, மதுரையில் ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிக்கு இடமும் வாங்கிவிட்டாள். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அழகுபாண்டி அண்ணனோ, கிணற்றடி வயலை ஈடு வைத்தாவது பி.இ. கம்ப்யூட்டர் சேர்க்கச் சொல்லி, ஒரு நாளைக்கு நாலு தடவை போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் கெமிஸ்ட்ரில அப்பிடி என்னத்தா இருக்கு?" என்று மருமகள் நாகஜோதியிடம் அவர் ஒருநாள் கேட்டதும் நடந்தது. அது உலக அதிசயம். அவள் முகம் மலர்ந்து சொன்னாள்.

"மாமா, ஸ்கூல் லேப்ல ரெண்டு தண்ணி. ரெண்டும் தெளிவா இருக்கும். ஒண்ணா ஊத்துனா மஞ்சளாத் திரிஞ்சிரும். அதச் சூடாக்கி ஆற வச்சோம், டியூப்பு பூராம் தங்கத்தூளாட்டம் மின்னிக்கிட்டே எறங்குச்சு. எனக்கு அன்னைக்குப் பூராம் சோறே எறங்கல மாமா."

"நெசத் தங்கமா?"

"இல்ல மாமா."

"அப்பறம் எதுக்கு?"

பேச்சு அதோடு முடிந்தது.

இனிதான் விஷயம். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. எங்கள் ஊரில் பிளெக்ஸ் இல்லாமல் காது குத்தினால் காது தூர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதோ என்னவோ, மண்டபத்து வாசலில் இரண்டாள் உயரத்துக்கு ஒன்று நின்றது. சொந்தக்காரர் அத்தனை பேர் படமும், படத்துக்குக் கீழே பெயரும், பெயருக்குப் பின்னால் படிப்பும். அதில் மூன்றாவது வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தாள் நாகஜோதி. கீழே எழுதியிருந்தது: "செல்வி நாகஜோதி, பி.இ. கம்ப்யூட்டர்."

பிள்ளை இன்னும் எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்கவில்லை. அதற்குள் அண்ணன் பட்டமே கொடுத்துவிட்டார். பல்கலைக்கழகத்துக்கு நாலு வருஷம் ஆகிற வேலை இவருக்கு நாலு மணி நேரத்தில் முடிந்தது.

நாங்கள் எல்லாம் சிரித்தோம். காளைக்குத்தான் சிரிப்பு வரவில்லை. உள்ளே நுழைந்ததிலிருந்து ஆள் மாற்றி ஆள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "என்ன காளை, மகள பி.இ. சேத்துட்டியாமே! சொல்லவே இல்ல!" முதல் ஆளிடம் "இல்லண்ணே, அது வந்து..." என்று இழுத்தார். மூன்றாவது ஆளிடம் வெறுமனே தலையை ஆட்டினார். பந்தியில் உட்காரும்போது "ஆமாமா, கம்ப்யூட்டரு" என்றே சொல்லிவிட்டார். நான் அவருக்கு எதிர்ப் பந்தியில்தான் இருந்தேன்.

இலையில் கறி விழுந்த நேரத்தில் மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா, நாளைக்குக் காலேஜுக்குப் போகணும்ப்பா."

காளை இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பிளெக்ஸுல போட்டாச்சேம்மா. ஊரே பாத்துருச்சு. இப்பப் போயி இல்லன்னா, பி.இ. கெடைக்காமத்தான் இதுல சேத்தாகன்னு பேசுவாய்ங்க."

அந்தப் பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது. நம் ஊரில் பிளெக்ஸ் பெயரால் எத்தனையோ அக்கிரமம் நடந்திருக்கிறது, ஒரு பிள்ளையின் படிப்பே போனது என்று கேள்விப்பட்டதுண்டா?

அண்ணன் குழம்பு வாளியோடு வந்தார். "அழுகாதத்தா. ஒன் நல்லதுக்குத்தான் மாமா பாக்குறேன். நாலு வருசத்துல நீயே என்னயக் கும்புடுவ."

அப்போதுதான் பின்னாலிருந்து சின்னத்தாயின் குரல் வந்தது. உரக்கவெல்லாம் இல்லை. ஆனால் இரண்டு பந்திக்கும் கேட்டது.

"ஏண்ணே, பிளெக்ஸுல அடிச்சுட்டா படிச்சுத்தான் ஆகணுமா? அப்ப அடிச்ச நீயே போயிப் படி. ஒம் மகன் பி.இ. படிச்சு பெயிண்ட்டத்தானே கலக்குறான்? எம் மக எதக் கலக்கணும்ங்கிறத அவளே படிச்சுப் பாத்துக்கட்டும். எங்க வயலுக்கும் நீ வெல பேச வேணாம்."

சூரியபிரகாஷ் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தான். காளை பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து, அவர் வாழ்நாளிலேயே நீளமான பேச்சைப் பேசினார். "காலைல மொத பஸ்ஸுலயே போயிருவோம்த்தா. சர்ட்டிபிகேட்ட எல்லாம் எடுத்து வச்சுக்க."

மறுநாள் போனார்கள், சேர்ந்தாள்.

அண்ணன் ஒடுங்கிப்போனார் என்று நினைக்கிறீர்களா? ஸ்கோப்புக்காரர்கள் ஒடுங்கி நான் பார்த்ததில்லை. ஒரே மாசம்தான். கடைக்கு வருகிற ஆளிடமெல்லாம், "இனிமே பூராம் பேட்டரி வண்டிதானப்பா, பேட்டரிக்குள்ள என்ன இருக்கு? கெமிஸ்ட்ரி! என் மருமகள நாந்தான் அதுல சேத்துவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கூடவே, பி.இ.க்கு ஸ்கோப் போய்விட்டது என்று இன்னொரு வீட்டுப் பிள்ளையைப் பிடித்துக் கணக்கும் போட ஆரம்பித்துவிட்டார்.

நாகஜோதி இப்போது முதல் வருஷம் முடிக்கப்போகிறாள். லேபில் ஏதோ மருந்து பட்டு இரண்டு விரல் பழுப்பேறிக் கிடக்கிறது. அதை மருதாணிபோல எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிகிறாள். அவ்வளவுதான் என்னிடம் இருக்கிற சேதி.

என்ன, முகம் தெளியவில்லையே? இன்னும் ஏதோ ஒன்று கேட்க வேண்டும்போல இருக்கிறதா? "அதெல்லாம் சரிதான், முடிச்சதும் என்ன வேலை கெடைக்கும், என்ன சம்பளம் வரும், அதையும் சொல்லிட்டுப் போங்களேன்" என்றுதானே?

வாங்கண்ணே, வாங்க. இம்புட்டு நேரமும் உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம்.